வெள்ளையடித்த சுவரும் உள்ளே வந்த வெளிச்சமும்

கொஞ்சம் நீண்ட பதிவு இது, ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த தவணையில் தரம் 10 மாணவர்களை அழைத்துக்கொண்டு நாங்கள் மூன்று ஆசிரியர்கள் காலிக் கோட்டைக்குப் போயிருந்தோம். வரலாற்றுப் பாடத்தில் ஒல்லாந்தர் வருகிறார்கள், பிள்ளைகள் கண்ணாலும் பார்க்கட்டும் என்றுதான். மதில், வெளிச்சவீடு, மீரான் ஜும்ஆப் பள்ளி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக, 1755 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயத்துக்குள் நுழைந்தோம். வெள்ளைச் சுவர். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத பெரிய மண்டபம். தரையில் கல்லறைக் கற்கள், சுவரில் இறந்தவர்களின் குடும்பச் சின்னம் பொறித்த மரப்பலகைகள், உயரமான பிரசங்க மேடை. சிலை இல்லை.

ஒரு மாணவன் மெதுவாகச் சொன்னான்: "சேர், வெளியில இருந்து பார்த்தா நம்மட பள்ளி சேர்ச் மாதிரி இருக்கு. உள்ளுக்கு வந்து பார்த்தா சேர்ச் நம்மட பள்ளி மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். மீரான் பள்ளியின் முகப்பைப் பார்த்தவர்களுக்கு அவன் சொன்னதில் பிழையில்லை என்று தெரியும். பிறகு விளக்கினோம். ஒல்லாந்தர் கல்வின் என்ற சீர்திருத்தவாதியின் வழியில் வந்த புரட்டஸ்தாந்தர்கள், 16 ஆம் நூற்றாண்டில் தங்கள் நாட்டுத் தேவாலயங்களிலிருந்த சிலைகளையும் படங்களையும் உடைத்து அகற்றியவர்கள் என்று. அவன் உடனே கேட்டான்: "அப்ப நல்ல வேலைதானே சேர் செஞ்சிருக்காங்க?"

எங்கள் மூன்று பேருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. ஆம் என்று சொல்லவும் மனம் இல்லை, இல்லை என்று சொல்லக் காரணமும் கையில் இல்லை. பஸ்காரர் ஹோன் அடித்துக் காப்பாற்றினார். ஆனால் கேள்வி எங்களோடு வீடு வரை வந்தது. அதைப் பற்றித் தேடப் போனபோதுதான் 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து ஓவியர்கள் வரைந்த தேவாலய உட்புறங்கள் கண்ணில் பட்டன. பல இரவுகள் அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது அவற்றில் இருக்கிறது என்று நினைக்கிறோம்.

முதலில் நடந்தது என்னவென்று பார்ப்போம்.

1566 ஆம் ஆண்டு. இன்றைய ஒல்லாந்தும் பெல்ஜியமும் அப்போது ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியில் இருந்தன. தானிய விலை ஏறி, வேலையில்லாமல் மக்கள் பட்டினி கிடந்த காலம். நகரத்துக்குள் பேச அனுமதியில்லாத சீர்திருத்தப் போதகர்கள் மதிலுக்கு வெளியே வயல்வெளிகளில் கூட்டம் நடத்தினார்கள். ஓகஸ்ட் 10 ஆம் திகதி ஸ்டீன்வோர்டே என்ற சிற்றூரில், ஒரு பிரசங்கம் முடிந்த கையோடு கூட்டம் ஒரு சிற்றாலயத்துக்குள் புகுந்து சிலைகளை உடைத்தது. 20 ஆம் திகதி அன்ட்வெர்ப் நகரின் பெரிய தேவாலயம். அந்த மாதம் முடிவதற்குள் வடக்கே அம்ஸ்டர்டாம், டெல்ஃப்ட், உட்ரெக்ட் வரை பரவிவிட்டது. (எமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த டெல்ஃப்ட் என்ற பெயர் இந்த நகரத்தின் பெயர்தான்.) அந்நாட்டு மொழியில் இதை பீல்டன்ஸ்டோர்ம் என்பார்கள். உருவங்கள் மீது வீசிய புயல் என்று பொருள் கொள்ளலாம்.

அதன் பிறகு போர் வந்தது. 1568 முதல் 1648 வரை எண்பது ஆண்டுகள். ஹார்லெம் என்ற நகரத்தை ஸ்பானியப் படை ஏழு மாதம் முற்றுகையிட்டது. 1573 இல் பட்டினி தாங்காமல் நகரம் சரணடைந்தபோது காவல் படையினரைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். 1577 இல் நகரம் புரட்டஸ்தாந்தர் பக்கம் சேர்ந்தபோது ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது: கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் சம உரிமை. அது ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை. 1578 மே 29, கத்தோலிக்கர்களின் பெருநாள் ஒன்று. நகரின் பெரிய தேவாலயமான சென்ட் பாவோவில் ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது படைவீரர்கள் உள்ளே புகுந்தார்கள். ஒரு பாதிரியார் கொல்லப்பட்டார். பீடங்கள் நொறுக்கப்பட்டன. பின்னர் அந்தத் தேவாலயம் சீர்திருத்த சபைக்குப் போனது. கத்தோலிக்கர்கள் அதன் பிறகு வீடுகளுக்குள் மறைந்து வழிபட வேண்டியிருந்தது. அம்ஸ்டர்டாமில் ஒரு வணிகர் வீட்டின் பரணில் 1663 இல் அமைக்கப்பட்ட அப்படியொரு மறைவான தேவாலயம் இன்றும் நூதனசாலையாக இருக்கிறது.

சென்ட் பாவோவில் முன்பு ஏராளமான பீடங்கள் இருந்தன. ஒவ்வொரு தொழிலாளர் சங்கமும் தனக்கென்று ஒரு பீடம் வைத்திருந்தது, ஓவியர் சங்கம் உட்பட. தேவாலயம்தான் ஓவியர்களுக்குச் சோறு போட்ட இடம். அந்தப் படங்கள் போனதோடு அந்தப் பிழைப்பும் போனது. ஹார்லெமின் புகழ்பெற்ற ஓவியர் மார்டன் வான் ஹீம்ஸ்கெர்க்கின் படைப்புகள் பல அந்த வருடங்களில் அழிந்தே போயின.

பிறகு சுண்ணாம்பு வந்தது. சுவரோவியங்களுக்கு மேல் வெள்ளையடித்தார்கள். பல இடங்களில் நிறக் கண்ணாடி போய்த் தெளிந்த கண்ணாடி வந்தது. எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்ல முடியாது. கௌடா நகரத்தில் பழைய நிறக் கண்ணாடிச் சாளரங்கள் தப்பிப் பிழைத்து இன்றும் இருக்கின்றன. பீடத்துப் படங்கள் இருந்த இடங்களில் எழுத்துப் பலகைகள் ஏறின. பத்துக் கட்டளைகளும் வேத வாக்கியங்களும் கரும்பலகையில் பொன் எழுத்தாக. பள்ளிவாசல் சுவரில் அரபு எழுத்தைப் பார்த்துப் பழகிய எமக்கு இது அந்நியமாகத் தெரியாது.

இனி ஓவியருக்கு வருவோம். பீட்டர் சான்ரடம், 1597 இல் அசென்டெல்ஃப்ட் என்ற கிராமத்தில் பிறந்தவர். தந்தை ஜான் செதுக்குப் படக் கலைஞர். மகனுக்கு ஒன்பது வயதிருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாயோடு ஹார்லெமுக்கு வந்து, ஓர் ஓவியரிடம் பத்து வருடம் தொழில் பழகி, 1623 இல் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார். முதுகு கூனியவர். அவருடைய தோற்றத்தை நண்பர் ஒருவர் வரைந்து வைத்திருப்பதால் அது எமக்குத் தெரிகிறது. 1628 அளவில் அவர் ஒரு விசித்திரமான முடிவுக்கு வந்தார். இனிமேல் கட்டடங்களைத்தான் வரைவது, அதுவும் உள்ளதை உள்ளபடி. அடுத்த முப்பது வருடங்களும் பெரும்பாலும் அதைத்தான் செய்தார்.

இதிலுள்ள முரணைக் கவனியுங்கள். படங்களைத் தேவாலயத்திலிருந்து வெளியேற்றி ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. ஓர் ஓவியன் திரும்பி உள்ளே போகிறான். உள்ளே தொங்கவிட அவனிடம் படம் கேட்பார் யாருமில்லை. ஆகவே அந்த வெறுமையையே வரைந்து எடுத்துக்கொண்டு வெளியே வருகிறான்.

அவர் வேலை செய்த விதம் எந்த ஆசிரியருக்கும் பிடிக்கும். முதலில் தேவாலயத்துக்குப் போய் உட்கார்ந்து கண்ணால் பார்த்து ஒரு வரைபடம். அதில் திகதி போடுவார், எங்கிருந்து பார்த்தார் என்று குறிப்பார். தூணின் சுற்றளவு, வளைவின் உயரம் எல்லாம் அளப்பார். பிறகு வீட்டில் வைத்துக் கோலும் கவராயமும் கொண்டு, தூரக்காட்சி விதிப்படி பெரிதாக இன்னொரு வரைபடம். அந்தக் கடதாசியின் பின்பக்கத்தில் கரி பூசி, பலகையின் மேல் வைத்துக் கோடுகளை அழுத்திப் பதிப்பார். அதன் பிறகுதான் நிறம். முதல் வரைபடத்துக்கும் ஓவியத்துக்கும் இடையில் சில வேளை பத்து, பதினைந்து வருடம் ஓடியிருக்கும். அவ்வளவு அளந்தும், ஓவியத்தில் தூணைக் கொஞ்சம் மெலிதாக்குவார், வளைவைக் கொஞ்சம் உயர்த்துவார், சாமான்களில் சிலதை விட்டுவிடுவார். உள்ளது உள்ளபடி என்பதிலும் அவருக்கென்று ஒரு மனம் இருந்திருக்கிறது.

இப்போது வெளிச்சம். உண்மையில் இந்தப் பதிவை எழுத வைத்தது இதுதான்.

சான்ரடமின் ஓவியத்தில் சூரியன் எங்கே என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. சாளரம் வழியாகச் சாய்ந்து விழும் கதிர் இல்லை, தரையில் பளிச்சென்று ஒரு சதுரம் இல்லை. ஆனால் இருட்டும் இல்லை. மேகம் மூடிய நாளில் பகல் பத்து மணிக்கு எங்கள் வகுப்பறைக்குள் இருக்குமே, எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத வெளிச்சம், அது. அதற்குக் காரணம் சுண்ணாம்புதான். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தை விழுங்குவதில்லை, எதிர்ச் சுவருக்கு அனுப்புகிறது. எதிர்ச் சுவர் தூணுக்கு, தூண் கூரைக்கு. இப்படிக் கைமாறிக் கைமாறி, சாளரமே இல்லாத மூலையிலும் ஒரு மங்கல் வெளிச்சம் நிற்கிறது. நிழல்கூடக் கறுப்பாக இல்லை, சாம்பல் கலந்த இன்னொரு வெள்ளையாகத்தான் இருக்கிறது.

அவருடைய வெள்ளையும் வெள்ளை இல்லை. ஓவியத்தின் படம் ஒன்றைத் தொலைபேசியில் பெரிதாக்கி, சுவரின் மேல் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்துப் பாருங்கள். சுவர் மஞ்சளாகத் தெரியும். மரக் கூரைக்குப் பக்கத்தில் தேன் நிறம். கீழே தரைக்கற்களை அண்டிய இடத்தில் லேசான சிவப்பு, சாளரத்துக்கு எதிரே மெல்லிய நீலச் சாம்பல். பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் நிறத்தைச் சுவர் வாங்கிக்கொள்கிறது. பாதிக்கும் மேற்பட்ட பலகையில் வெறும் சுவரை மட்டும் வரைந்து, அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வைப்பது லேசான காரியமா? எங்களில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர், "இந்த ஒரு சுவரை வைத்து ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்கலாம்" என்றார்.

மனிதர்கள் இருக்கிறார்கள், ஆனால் சிறிதாக. தூணடியில் இரண்டு பேர் கதைக்கிறார்கள், ஒரு நாய் போகிறது. இதில் அவமரியாதை ஒன்றுமில்லை. அன்று தேவாலயக் கட்டடம் நகர சபையின் பொறுப்பில் இருந்தது, ஆராதனை இல்லாத நேரங்களில் ஊர் மக்கள் உலாவும் இடமும் அதுதான். மழைக்கு ஒதுங்குவார்கள், வியாபாரம் பேசுவார்கள். நாய் விரட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள்.

1636 இல் உட்ரெக்ட் நகரத்துக்குப் போய் ஜூன் முதல் ஒக்டோபர் வரை தங்கி, அங்குள்ள தேவாலயங்களை ஒவ்வொன்றாக வரைந்தார். அவற்றில் மரியாள் தேவாலயம் 19 ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. பெரிய பேராலயத்தின் நடு மண்டபம் 1674 இல் வீசிய புயலில் விழுந்தது, இன்றுவரை திருப்பிக் கட்டப்படவில்லை. கோபுரமும் மீதிக் கட்டடமும் தனித்தனியாக நிற்கின்றன. அந்த இடங்களின் உட்புறம் எப்படி இருந்தது என்று தேடுபவர்கள் சான்ரடமிடம்தான் வர வேண்டும்.

அவருடைய ஓவியங்களில் எம்மை அதிகம் நிறுத்தி வைத்தது 1649 இல் வரைந்த அசென்டெல்ஃப்ட் தேவாலயம். சொந்தக் கிராமம். சாதாரணமான உயரம் குறைந்த கட்டடம், வெள்ளைச் சுவர், மேலே மரக் கூரை. தூரத்தில் ஒரு சிறு கூட்டம் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கிறது, சிலர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில், படத்தின் முன்பகுதியில் பெரிய வெற்றுத் தரை. அதில் ஒரு கல்லறைக் கல். அந்தக் கல்லில் ஓவியரின் தந்தையுடைய பெயர். வேறு எதுவும் சொல்லவில்லை. அழும் உருவம் இல்லை, மெழுகுதிரி இல்லை, பூ இல்லை. தந்தையின் கல்லின் மேல் மற்றக் கற்களின் மேல் விழும் அதே வெளிச்சம் விழுகிறது. வாப்பாவின் கபுறடிக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்கத் தேவையில்லை. அந்தத் தேவாலயமும் இன்று இல்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. சான்ரடம் அவசரமில்லாமல் வருடக்கணக்கில் வேலை செய்ய முடிந்தது வீட்டில் காசு இருந்ததால். தந்தை முதலீடு செய்து சம்பாதித்தது ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனியில். 1602 இல் தொடங்கிய அதே கம்பனிதான் 1640 இல் காலியையும் 1656 இல் கொழும்பையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. இங்கே கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தது, எமது மூதாதையரின் வியாபாரத்தையும் குடியிருப்பையும் நெருக்கியது. கறுவாப்பட்டைக்காக எத்தனை பேர் காட்டில் கஷ்டப்பட்டார்கள் என்பது தனிக் கதை. இதைச் சொல்வதால் ஓவியத்தின் அழகு குறைந்துவிடாது. ஆனால் அந்த வெண்மையைப் பார்க்கும்போது இலங்கையில் இருக்கும் எமக்கு இது நினைவில் வராமல் போகாது.

1650 அளவில் டெல்ஃப்ட் நகரத்து ஓவியர்கள் இந்த வகையை வேறு பக்கம் திருப்பினார்கள். ஹவுக்கேஸ்ட் என்பவர் தேவாலயத்தை நேராகப் பார்க்காமல் மூலைவிட்டமாகப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் தூண், அதற்குப் பின்னால் கொலை செய்யப்பட்ட இளவரசர் வில்லியமின் சமாதி என்று அவருடைய படங்கள் போகும். சில ஓவியர்கள் படத்தின் முன்னால் பச்சைத் திரைச்சீலை ஒன்றையும் சேர்த்து வரைந்து வைத்தார்கள், கையால் விலக்கப் போகலாம் போல. அதெல்லாம் கண்கட்டு வேலை.

ஆனால் எமானுவேல் டி விட்டே வேறு ஆள். அல்க்மாரில் பிறந்து, டெல்ஃப்டில் தொழில் செய்து, 1650 களின் தொடக்கத்தில் அம்ஸ்டர்டாமுக்கு வந்தவர். இவருடைய தேவாலயத்தில் சூரியன் இருக்கிறது. சாளரம் வழியாக வெயில் வந்து ஒரு தூணின் பாதியில் அடிக்கிறது, மீதிப் பாதி இருட்டு. தரையில் நீளமாக விழுந்து கிடக்கும் வெயில் துண்டில் ஒரு தாய், ஒரு நாய், திறந்த புதைகுழி, மண்வெட்டியோடு ஒருவர். தேவாலயத் தரைக்குக் கீழேதான் ஊரார் அடக்கப்பட்டார்கள் என்பதால் அது அன்றாடக் காட்சி. சான்ரடமின் படத்தில் நேரம் நின்றுவிட்டது போல இருக்கும். டி விட்டேயின் படத்தில் நேரம் ஓடுகிறது, இன்னும் கால் மணித்தியாலத்தில் அந்த வெயில் தூணைவிட்டு நகர்ந்துவிடும் என்று தெரிகிறது. அவர் பல முறை வரைந்த அம்ஸ்டர்டாம் பழைய தேவாலயத்தில் இன்றும் ஒவ்வொரு வருடமும் மார்ச் 9 காலையில், சில நிமிடங்கள் மட்டும் சூரிய ஒளி ஒரு கல்லறைக் கல்லின் மேல் வந்து விழும். அது ஓவியர் ரெம்ப்ரான்டின் மனைவி சாஸ்கியாவின் கல். அதைப் பார்க்க ஆட்கள் கூடுகிறார்கள்.

டி விட்டேயின் வாழ்க்கை வெளிச்சமாக இருக்கவில்லை. 1659 இல் அவருடைய இரண்டாவது மனைவியும் மகளும் திருட்டுக் குற்றத்தில் பிடிபட்டார்கள், மனைவி நகரத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார். அடுத்த வருடம் அவர் ஒரு நொத்தாரிசுக்குத் தன்னையே அடகு வைத்தது போல ஓர் ஒப்பந்தம் செய்தார். வருடம் 800 கில்டரும் சாப்பாடும் இருப்பிடமும் அவருக்கு, வரைவதெல்லாம் நொத்தாரிசுக்கு. அதுவும் வழக்கில் முடிந்தது. 1692 இல் குளிர்காலக் கால்வாயில் அவருடைய உடல் உறைபனிக்கு அடியில் கிடந்து, பனி உருகிய பிறகே கிடைத்தது என்று பின்னாளில் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய ஹௌப்ராக்கன் கூறுகிறார்.

அவர் 1680 இல் வரைந்த ஒரு படம் இன்று அம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில் இருக்கிறது. தேவாலயம் இல்லை அது, யூதர்களின் ஆலயம். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் இருந்து விரட்டப்பட்டவர்களின் வழிவந்த யூதர்கள் 1675 இல் கட்டித் திறந்தது. அதே நாடுகளில் இருந்து முஸ்லிம்களும் விரட்டப்பட்டார்கள் என்பது எமக்குத் தெரியும். அங்கேயும் பெரிய தூண்கள், உருவம் இல்லாத சுவர், உயரமான தெளிந்த கண்ணாடி. தேவாலயத்துக்கு ஒரு வெளிச்சம், யூத ஆலயத்துக்கு ஒரு வெளிச்சம் என்று டி விட்டே பிரித்து வரையவில்லை. அந்த ஆலயத்தில் இன்றுவரை மின்விளக்கு போடவில்லை. பகலில் சாளர வெளிச்சம், மாலையில் ஆயிரம் மெழுகுதிரி.

சரி, அந்த மாணவனின் கேள்வி.

எமது மார்க்கத்தில் உருவங்கள் பற்றிய நிலைப்பாடு வாசிப்பவர்களுக்குத் தெரியும், அதை இங்கே விவாதிக்க வரவில்லை. எமது பள்ளிகளில் சுவர் வெறுமையாக இருப்பதில் எமக்கு நிம்மதி இருக்கிறது, அந்த நிம்மதியால்தான் சான்ரடமின் சுவர் எமக்கு இவ்வளவு பிடிக்கிறது. ஆனால் வெறுமையாகக் கட்டப்பட்ட சுவரும் உடைத்து வெறுமையாக்கப்பட்ட சுவரும் ஒன்று இல்லை. ஹார்லெமில் உடைபட்டவை அடுத்த வீட்டுக்காரர் முழங்காலிட்ட இடங்கள். சம உரிமை என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, அவர்கள் வழிபட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே போய் உடைத்தார்கள். ஸூரத்துல் ஹஜ்ஜின் 40 ஆவது வசனம் மடங்களையும் கிறிஸ்தவ, யூத ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வதை உலமாக்கள் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். வணக்கஸ்தலம் ஒன்றுக்குள் கூட்டம் புகுவது என்றால் என்னவென்று இந்த நாட்டில் எந்தச் சமூகத்துக்கும் நாம் பாடம் நடத்தத் தேவையில்லை.

சான்ரடம் இதில் யார் பக்கம்? படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவர் சீர்திருத்த சபையின் தேவாலயங்களை அமைதியோடும் அன்போடும் வரைந்தார். அதே ஆள் 1630 இல் சென்ட் பாவோவை வரைந்தபோது, அங்கே இல்லவே இல்லாத ஒரு கத்தோலிக்க ஆயரின் சமாதியைக் கற்பனையாக உள்ளே வைத்தார். கேட்டு வாங்கியவர் கத்தோலிக்கராக இருந்திருக்கலாம். ஹார்லெமில் கத்தோலிக்கர் நிறையப் பேர் மிச்சமிருந்தார்கள், தங்களுடைய பழைய தேவாலயத்தைத் தெருவில் நின்று பார்த்துக்கொண்டு. நாங்கள் ஊகிப்பது இதுதான்: ஒரே வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒருவர் சுத்தமாகிவிட்டது என்று நினைத்திருப்பார், இன்னொருவர் வாப்பா காலத்துப் படம் இதற்கு அடியில் இருக்கிறது என்று நினைத்திருப்பார். இரண்டு பேருக்கும் அந்த வெளிச்சம் பொதுவாக இருந்திருக்கிறது. சுண்ணாம்புக்கும் இரண்டு குணம் உண்டு. அது மறைக்கும், மறைத்ததைக் காப்பாற்றியும் வைக்கும். எத்தனையோ பழைய தேவாலயங்களில் வெள்ளையைச் சுரண்டியபோது அடியில் பழைய ஓவியங்கள் அப்படியே இருந்தன.

போன வாரம் இதையெல்லாம் வகுப்பில் சொன்னோம். கடைசியாகப் புரொஜெக்டரில் ஒரு படம் போட்டோம். உட்ரெக்டின் பூர்க்கெர்க் என்ற தேவாலயம். 1636 ஓகஸ்ட் 16 இல் அவர் அங்கே உட்கார்ந்து கீறிய வரைபடத்தை வைத்து 1644 இல் வரைந்த ஓவியம், இன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அந்த வரைபடத்தின் ஒரு பாதிதான் இது. மறு பாதியை அடுத்த வருடம் இன்னோர் ஓவியமாக்கினார், அது அமெரிக்காவில். உயரமான வெள்ளை வளைவுகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. பிள்ளைகள் பேசாமல் பார்த்தார்கள். வலது பக்கத்துத் தூணடியில் இரண்டு சிறுவர்கள். ஒருவன் உட்கார்ந்து ஒரு நாய்க்குட்டியைப் பழக்குகிறான். மற்றவன் சுவரைப் பார்த்து நிற்கிறான், கை மேலே தூக்கியிருக்கிறது. அவனுக்கு முன்னால், வெள்ளையடித்த தேவாலயச் சுவரில் ஒரு கிறுக்கல்: ஒரு குதிரை, அதன் முதுகில் நான்கு பேர். பழைய கதையொன்றில் வரும் நான்கு சகோதரர்கள் அவர்கள், அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அந்தக் கிறுக்கலுக்குக் கீழே சான்ரடம் தன்னுடைய பெயரையும் வருடத்தையும் தேவாலயத்தின் பெயரையும் எழுதியிருக்கிறார், அதுவும் சுவரில் கிறுக்கியது போலவே.

காலியில் கேள்வி கேட்ட அதே மாணவன் எழும்பி முன்னால் வந்து, திரைக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சேர், இந்தப் பொடியன் சுவரில படம் கீறுறானே. யாரும் ஏசல்லயா?"